ஆக்சிஜன் எங்கே இருக்கிறது? குழந்தைகளுக்குத் தனிமங்களை அறிமுகப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் தனிம வரிசை அட்டவணை சார்ட் வாங்கி வந்து, அவள் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டினேன். ஒரே மாதத்தில் முதல் இருபது தனிமங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் அவளுடைய தாத்தா, "ஆக்சிஜன் எங்க பாப்பா இருக்கு?" என்று கேட்டார். அவள் நாற்காலியில் ஏறி, சார்ட்டில் எட்டாம் கட்டத்தைத் தொட்டு, "இங்கதான் தாத்தா" என்றாள்.

அன்று சாயங்காலமே சார்ட்டைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டேன். மறுபடி அதை இறக்க ஒன்றரை வருஷம் ஆனது. நடுவில் நாங்கள் செய்தவைதான் இந்த வழிகாட்டி. ஏழு வயதிலிருந்து பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். எங்கள் வீடு கடலூரில் இருப்பதால் ஊர்ப் பெயர்களெல்லாம் இந்தப் பக்கத்தவை. உங்கள் ஊரில் இவற்றுக்கு ஈடாக வேறு ஏதாவது இருக்கும்.

தொடங்கும் முன்: ஒரு செருப்புப் பெட்டி

வேண்டியது காலியான ஒரு செருப்பு அட்டைப்பெட்டி, ஒரு நல்ல காந்தம், கொஞ்சம் வெற்று அட்டைகள். பெட்டியில் முதலில் போட வேண்டியவை: ஓர் இரும்பு ஆணி, உறை உரித்த பழைய ஒயரிலிருந்து செம்புக் கம்பி, சமையலறை அலுமினியத் தாள், இஸ்திரிக் கடையிலிருந்து ஒரு கரித்துண்டு. இவ்வளவுதான். மற்றவை தானாகச் சேரும்.

பெட்டிக்குள் போகவே கூடாதவையும் உண்டு. உடைந்த தெர்மாமீட்டர் பாதரசம், மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டு, பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கும் பொத்தான் பேட்டரி, மயில்துத்தம், பிரித்த பட்டாசு மருந்து. பாதரசம் உருண்டோடுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான். அதன் ஆவி நரம்பைப் பாதிக்கும் விஷம். வீடியோவில் காட்டுங்கள், போதும்.

முதல் படி: காயலாங்கடைக்குப் போங்கள்

தனிமம் என்ற சொல்லை முதல் மாதம் உச்சரிக்காதீர்கள். "இது எதால செஞ்சது?" என்ற ஒரே கேள்வியோடு வீட்டைச் சுற்றுங்கள். வாளி பிளாஸ்டிக், தோசைக்கல் இரும்பு, குக்கர் அலுமினியம். பிள்ளைகள் பளபளப்பாக இருக்கும் எல்லாவற்றையும் "ஸ்டீல்" என்பார்கள். திருத்த வேண்டாம். காந்தத்தைக் கையில் கொடுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சேர்ந்த பழைய சாமானை எடுத்துக்கொண்டு காயலாங்கடைக்குப் போங்கள். உலோகங்களைப் பிரித்தறியாவிட்டால் கையில் நஷ்டம் என்பதால் அந்தக் கடைக்காரர் அதில் கெட்டிக்காரராக இருப்பார். இரும்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை, பித்தளைக்கு அதைவிட அதிகம், செம்புக்கு அதற்கும் மேல். நாங்கள் ஒரு பழைய குளியலறைக் குழாயைக் கொண்டுபோனோம். வெள்ளையாகப் பளபளத்தது. மகள் வழக்கம்போல "ஸ்டீல்" என்றாள். கடைக்காரர் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. அரத்தை எடுத்து ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். வெள்ளைத் தோல் போய் உள்ளே மஞ்சள் தெரிந்தது. "பாத்தியா பாப்பா, மேல முலாம், உள்ள பித்தளை" என்று சொல்லி, அதைப் பித்தளைக் குவியலை நோக்கி எறிந்தார். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் எதையும் சுரண்டாமல் விடவில்லை. கதவுக் கொண்டி, சாவி, என் வளையல் உள்பட. வளையலை மட்டும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுங்கள்.

இந்தப் படியில் ஒரு நல்ல புதிர் உண்டு. இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும், ஏனென்றால் அது இரும்பும் குரோமியமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. 1980-களின் ஒரு ரூபாய் நாணயம் தாத்தா பாட்டியின் டப்பாவில் கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அது செம்பும் நிக்கலும் கலந்தது. ஒரே மதிப்பு, இரண்டு உள்ளடக்கம். விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம், ஒரு வாரம் புதிராகவே இருக்கட்டும்.

இரண்டாம் படி: இதற்கு மேல் பிரியாதது

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

வாசலிலோ மொட்டை மாடியிலோ, பழைய இரும்புக் கரண்டியில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை எடுத்து, நீங்களே தீயில் காட்டுங்கள். பிள்ளை இரண்டடி தள்ளி நிற்கட்டும். முதலில் உருகும், பிறகு பழுப்பாகிக் குமிழியிடும், மிட்டாய் வாசனை வரும். அப்புறம் புகையும், கடைசியில் கரண்டியில் உப்பிய கறுப்புக் கட்டி ஒன்று மிஞ்சும். ஆறிய பிறகு பெட்டியிலுள்ள கரித்துண்டோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: "வெள்ளைச் சர்க்கரைக்குள்ள இந்தக் கரி எங்க இருந்துச்சு?"

சர்க்கரை என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தது. சூட்டில் மற்ற இரண்டும் பெரும்பாலும் நீராவியாகப் போய்விட, கார்பன் தங்கிவிட்டது. அந்தக் கார்பனை எவ்வளவு சுட்டாலும், அரைத்தாலும், அதிலிருந்து வேறொன்று வராது. இப்படி இதற்கு மேல் வேறு பொருளாகப் பிரியாததற்குத்தான் தனிமம் என்று பெயர். இந்தச் சொல்லைச் சொல்ல இதுதான் நேரம்.

கூர்மையான பிள்ளை உடனே மடக்கும்: "கரியை எரிச்சா சாம்பல் ஆகுதே, அது பிரியறதுதானே?" என் அக்கா மகன் இப்படித்தான் கேட்டான், எனக்கே ஒரு நிமிடம் ஓடவில்லை. கரி எரியும்போது பிரியவில்லை, சேருகிறது. கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மிஞ்சும் சாம்பல், மரம் மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்திருந்த கால்சியம், பொட்டாசியம் போன்றவற்றின் சேர்மங்கள். அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடுவது அதனால்தான்.

சேர்மத்தை விளக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, இரண்டும் கூடினால் உயிர்மெய். க், அ என்ற இரண்டையும் சேர்த்தால் க. 247 எழுத்தும் முப்பது முதலெழுத்தும் ஓர் ஆய்தமும் தந்தவை என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். தனிமங்கள் 118. உலகத்திலுள்ள மற்ற பொருள்கள் எல்லாம் அவை கூடிப் பிறந்தவை. ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் நொண்டும், அதையும் சொல்லிவிடுங்கள். 'க'வில் 'அ'வின் ஓசை கேட்கிறது. சேர்மத்தில் பழைய குணம் இருக்காது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் சீறித் தீப்பிடிக்கும், குளோரின் மூச்சை அடைக்கும் விஷ வாயு. இரண்டும் கூடினால் ரசத்தில் போடும் உப்பு.

தண்ணீரைப் பிரித்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்பது வோல்ட் பேட்டரி, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில், இரண்டு ஒயர், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. பென்சிலின் மேல்முனைகளைப் பேட்டரியோடு இணைத்து, கீழ்முனைகளை ஒன்றோடொன்று தொடாமல் தண்ணீரில் இறக்கினால் இரண்டிலும் குமிழி கிளம்பும். எதிர்முனையில் வருவது ஹைட்ரஜன், அதுதான் அதிகம் வரும். நேர்முனையில் ஆக்சிஜன். கணக்குப்படி இரண்டுக்கு ஒன்று வர வேண்டும், வீட்டில் அவ்வளவு துல்லியமாக வராது, பென்சில் கரியே கொஞ்சம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். போகிற போக்கில், பென்சிலுக்குள் இருப்பதைக் கடையில் லெட் என்று சொன்னாலும் அதில் ஈயம் துளியும் இல்லை, களிமண் கலந்த கிராஃபைட், அதாவது நம் கரியின் பங்காளி என்பதையும் காட்டிவிடலாம்.

மூன்றாம் படி: பெயர்கள்

தமிழில் பெயர் இருக்கும் தனிமங்களிலிருந்து தொடங்குங்கள். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம், வெள்ளீயம், துத்தநாகம், பாதரசம், கந்தகம். ஒன்பது பேர் ஏற்கெனவே வீட்டு மனிதர்கள். ஐம்பொன் சிலை என்றால் என்னென்ன ஐந்து என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்பது வழக்கமான பட்டியல். பித்தளையும் வெண்கலமும் மட்டும் வேஷக்காரர்கள். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்.

ஈயம் என்ற சொல்லில் ஒரு குழி இருக்கிறது, பெரியவர்களே விழுவார்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு ஈயத்தால் ஆனதல்ல, ஆக இருக்கவும் கூடாது. அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத் தூளைத் தூவிப் புகை கிளப்பித் துணியால் தேய்ப்பாரே, அவர் பூசுவதும் வெள்ளீயம்தான். கறுப்பு ஈயம் விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிட்டோம், அவ்வளவுதான். ஈயச்சொம்பு வாங்கும்போது நம்பகமான கடையில் வாங்குவதற்கும், வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டி எச்சரிப்பதற்கும் காரணம் இப்போது பிள்ளைக்குப் புரியும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு கொதிநிலையைப் பெரிதாகத் தாண்டாது.

குறியீடுகளை இப்போது மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஆனால் இரும்பின் குறியீடு ஏன் எஃப்-இ, தங்கத்துக்கு ஏன் ஏ-யூ என்று கேட்டால், அவை ஃபெர்ரம், ஆரம் என்ற லத்தீன் பெயர்களின் முதல் எழுத்துகள் என்று சொன்னால் போதும்.

நான்காம் படி: ஊரைச் சுற்றுங்கள்

தேவனாம்பட்டினம் கடற்கரையை எல்லாரும் சில்வர் பீச் என்கிறோம். வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை. ஆனால் இரும்பு இருக்கிறது. அலை வடிந்த இடத்தில் மணல்மேல் கறுப்பு ரேகைகள் தெரிந்தால் அங்கே உட்காருங்கள். காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, பையோடு காய்ந்த மணலில் இழுங்கள். கறுப்புத் துகள்கள் மீசைபோல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். பையை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் துகள் பையில் தங்கிவிடும். பை இல்லாமல் நேராகக் காந்தத்தை மணலில் விட்டால் அப்புறம் அதைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது விடிந்துவிடும், நாங்கள் அந்தப் பாடத்தையும் படித்தோம். அந்தக் கறுப்புத் துகளில் பெரும்பங்கு மேக்னடைட், இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம்.

ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும் இரும்பை எப்படிப் பிரிப்பது? அதற்குப் பதில் கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாதுவை மரக்கரியோடு சேர்த்து உலையில் உருக்கினார்கள். கார்பன் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு போய்விடும், இரும்பு மிஞ்சும். சர்க்கரைக் கரண்டியில் பார்த்த அதே கரி, கடற்கரையின் கறுப்பு மணலில் பார்த்த அதே மேக்னடைட், இரண்டும் ஓர் உலையில் சந்திக்கின்றன. இதைச் சொன்னபோதுதான் என் மகள் முதல்முறையாகப் பெட்டியிலிருந்த இரண்டு பொருளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

நெய்வேலிப் பக்கம் போனால் பழுப்பு நிலக்கரியைப் பற்றிப் பேசுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மரங்களின் கார்பன் அது, நம் வீட்டு மின்விசிறி அதனால்கூடச் சுற்றுகிறது. சிதம்பரம் போனால் பொற்கூரையைக் காட்டுங்கள். தங்கம் காற்றோடும் நீரோடும் கூட்டுச் சேராது, அதனால்தான் துருவும் இல்லை, பாசியாகப் பச்சைப் படலமும் இல்லை. அங்கே ஆகாயத் தலம் என்ற பேச்சு வரும், "பஞ்சபூதமும் தனிமமா?" என்ற கேள்வியும் வரும். மட்டம் தட்டாதீர்கள். உலகம் எவற்றால் ஆனது என்று பெரியவர்கள் யோசித்துப் போட்ட பழைய கணக்கு அது. இப்போது பிரித்துப் பார்த்துவிட்டோம். நீர் இரண்டு தனிமம், காற்று பல வாயுக்களின் கலவை, நெருப்பு பொருளே அல்ல, ஒரு நிகழ்வு.

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாதவை

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். இதைச் சொல்லால் சொன்னால் ஏறாது. நூறு புளியங்கொட்டையை எண்ணி மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் அணைவதைக் காட்டுங்கள். சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது நைட்ரஜனால், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்க.

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனால் மேலே பறக்கும் பலூன் கேட்டு அடம்பிடிப்பார்கள். அதில் ஹீலியம் இருந்தால் பயமில்லை. சில இடங்களில் மலிவுக்கு ஹைட்ரஜன் அடைப்பார்கள், அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். கடையில் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். கற்பூரத்தட்டு, சிகரெட் பக்கத்தில் கொண்டுபோகவும் வேண்டாம்.

ஹீலியத்தின் கதையை அடுப்பிலிருந்து தொடங்குங்கள். உப்புப் போட்ட சாம்பார் பொங்கி வழிந்தால் நீலத் தீ பளிச்சென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள் சோடியத்தின் கையெழுத்து. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஒரு நிறக் கையெழுத்து உண்டு. பட்டாசில் சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென் அதைப் பார்க்க ஆந்திரத்தின் குண்டூருக்கே வந்திருந்தார். சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பலர் சோடியம் என்றே நினைத்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் லாக்யர் அளந்து பார்த்து, கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்று கண்டார். பூமியில் யாருமே தொட்டிராத ஒன்று. கிரேக்கச் சூரியனின் பெயரால் ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அது கையில் அகப்பட 1895 ஆனது.

ஆறாம் படி: தட்டிலும் உடம்பிலும்

கொலுசு கறுத்துவிட்டதா? அது அழுக்கல்ல, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம். திருநீறு போட்டுத் தேய்த்தால் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகும். அதற்குப் பதில் ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிநீரை நீங்களே ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், அதுதான் கந்தகம் இடம் மாறுகிற வாடை. சில நிமிடத்தில் கொலுசு வெளுக்கும். கல் பதித்த நகைக்கும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகைக்கும் இது ஆகாது.

காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை மிஞ்சிப்போன இட்லித் துண்டில் ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமாகும். ஆப்பச் சோடாவில் விட்டால் ஆகாது. மாவுச்சத்தோடுதான் அயோடினுக்கு அந்த உறவு. அந்த இட்லி குப்பைக்குப் போகட்டும்.

முப்பது கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் சுமாராக ஆக்சிஜன் பத்தொன்பது கிலோவுக்கு மேல், கார்பன் ஐந்து கிலோவுக்கு மேல், ஹைட்ரஜன் மூன்று கிலோ, கால்சியம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெரியவர் உடம்பு முழுக்க இருக்கும் இரும்பு மூன்று நான்கு கிராம்தான், பெட்டியிலுள்ள ஆணி அளவு. முருங்கைக்கீரையை ஒதுக்குகிற பிள்ளையிடம் இந்த ஆணியைக் காட்டிப் பார்த்தேன். பலன் இரண்டு வேளைதான் இருந்தது.

கடைசிப் படி: இப்போது அட்டவணை

ஒவ்வொரு தனிமமும் அறிமுகமான அன்றே ஓர் அட்டை எழுத வேண்டும். பெயர், எங்கே பார்த்தோம், நிறம், காந்தம் ஒட்டுமா, திடமா வாயுவா, யாரோடு கூட்டு. இருபத்தைந்து முப்பது அட்டைகள் சேர்ந்ததும் தரையில் பரப்பி, "ஒரே மாதிரி ஆளுங்களை ஒண்ணா வை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். செம்பு, வெள்ளி, தங்கம் ஒன்றாகப் போகும். ஹீலியமும் ஆர்கானும் யாரோடும் சேராத சோம்பேறிகள் என்று ஒன்றாகும். பிளீச்சிங் பவுடர் குளோரினும் காயத்து அயோடினும் கிருமியைக் கொல்கிற ஜோடி. உப்புச் சோடியத்துக்குப் பக்கத்தில் வாழைப்பழத்துப் பொட்டாசியத்தை வைக்கப் பிள்ளைக்குத் தோன்றாது, அதை நீங்கள் சொல்லலாம்.

அப்புறம் சார்ட்டைப் பரணிலிருந்து இறக்கி விரியுங்கள். அதே ஜோடிகள் அங்கே ஒரே நெடுக்கு வரிசையில் நிற்கும். நாங்கள் விரித்த அன்று, "நான் வச்ச மாதிரியே வச்சிருக்காங்க" என்றாள். ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1869-இல் செய்ததும் இதுதான். அப்போது தெரிந்தவை 63 தனிமங்கள். குணம் பொருந்தாத இடத்தில் வலுக்கட்டாயமாக எதையும் திணிக்காமல் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு ஏகா அலுமினியம் என்று பெயர் வைத்தார், ஏகம் என்று நாம் சொல்கிற அதே சமஸ்கிருதச் சொல். அதன் அடர்த்தி 5.9 அளவில் இருக்கும் என்றும் எழுதிவைத்தார். 1875-இல் பிரான்சில் காலியம் கிடைத்தது. கண்டுபிடித்தவர் 4.7 என்று அளந்தார். மெண்டலீவ் மறுபடி அளக்கச் சொன்னார். சுத்தம் செய்து அளந்தால் 5.9. பொருளைக் கண்ணால் பார்க்காதவர் சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

பிள்ளையின் அட்டைகளைச் சார்ட்டின் மேல் அதனதன் கட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூடாத கட்டங்கள் நிறைய இருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று இல்லை, 118-இல் பலவற்றை விஞ்ஞானிகளே சில அணுக்களாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 34 அட்டைகள் ஆகியிருக்கின்றன. அடுத்தது டங்ஸ்டன். எரிந்துபோன குண்டு பல்பு வந்தால் உடைக்காமல் எடுத்துவைக்கும்படி காயலாங்கடை அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறாள், போகும்போதெல்லாம் கேட்கிறாள், இன்னும் வரவில்லை.